பிரசவ வார்டிலிருந்து அவசர சிகிச்சைக்கு: ஒரு செவிலியரைத் தயார்படுத்திய ஆறு வாரங்கள்

எங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டுக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் நடுவே நடந்தால் மூன்று நிமிடம்தான். அந்த மூன்று நிமிடத் தூரத்தைக் கடந்து ஒரு செவிலியர் மாற்றலாகி வந்தார். ஆறு வாரத்தில் அவரைத் தனியாக டியூட்டி பார்க்கும் அளவுக்குத் தயார் செய்யச் சொன்னார்கள். பிரிவின் இன்சார்ஜ் நான் என்பதால் பொறுப்பு எனக்கு வந்தது. என்ன செய்தேன், எங்கே தவறினேன், பிறகு எதை மாற்றினேன் என்பதை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். நோயாளிகளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 34. ஜி.என்.எம். என்ற செவிலியர் டிப்ளமோ படித்தவர். முதல் 4 ஆண்டுகள் ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்த 7 ஆண்டுகள் பிரசவ வார்டு. வீங்கிப்போன கையிலும் ஒரே குத்தில் வென்ஃப்ளான் (நரம்பில் மருந்து ஏற்றும் குழாய்) போட்டுவிடுவார். வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட் நரம்பில் 4 கிராம், இரண்டு பக்கமும் இடுப்பு ஊசியாக 5 கிராம் வீதம், ஆக மொத்தம் 14 கிராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பிறந்ததும் அழாத குழந்தைக்கு ஆம்பு பேக் என்ற காற்றுப் பையைப் பிடித்து மூச்சு வரவைத்தவர்.

மாற்றலை அவர் கேட்டு வாங்கவில்லை. முதல் நாள் என்னிடம் சொன்னது இதுதான்: “அக்கா, பதினோரு வருஷ சர்வீஸ்னு எல்லாரும் நினைப்பாங்க. ஆனா இங்க நான் புதுசு. அடிக்கடி கேட்டா தப்பா எடுத்துக்காதீங்க.”

இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் கேட்டால் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை. சர்வீஸ் உள்ளவர் கேட்டால் “இதுகூடத் தெரியாதா” என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்குப் பயந்து கேட்காமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் அன்றைக்கே எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னேன்: ஆறு வாரத்துக்கு இவர் எண்ணிக்கையில் கிடையாது, டியூட்டி சார்ட்டில் கூடுதல் ஆள், இரவில் தனியாகப் போடக் கூடாது. ஆள் பற்றாக்குறையில் இதைக் காப்பாற்றுவது கஷ்டம். இரண்டு முறை சண்டை போட்டுத்தான் காப்பாற்றினேன்.

முதல் திட்டம்

ஆனால் நான் போட்ட பாடத்திட்டம் வெறும் பட்டியல். கிராஷ் கார்ட் என்ற அவசர மருந்து வண்டியில் எந்த டிராயரில் எந்த மருந்து, இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் டீஃபிப்ரிலேட்டரை எப்படிச் சோதிப்பது, சக்ஷன், வென்டிலேட்டர் குழாய்கள், விபத்து கேஸுக்கு ஏன் பச்சை அல்லது சாம்பல் நிறப் பெரிய வென்ஃப்ளான். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம், அட்ரினலின் 1 மில்லிகிராம் 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எட்டாம் நாள் வாய்மொழியாகத் தேர்வு வைத்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. எனக்குத் திருப்தி.

ஒன்பதாம் நாள்

காலை பத்தரை மணி. 58 வயதுக்காரர் ஒருவர் மனைவியோடு நடந்தே வந்தார். “நெஞ்சு கரிக்குது சிஸ்டர், காலையில சாப்பிட்டது ஒத்துக்கலை போல.” உள்ளே, உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் சிவப்புப் பகுதியில், இரண்டு பைக் மோதிய விபத்து. டியூட்டி டாக்டரும் நானும் அங்கே இருந்தோம். வாசலில் நம் செவிலியரும் ஒரு பயிற்சி மாணவியும். அவரை உட்காரவைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, சீட்டில் எழுதி, அவசரம் இல்லாதவர்களுக்கான பச்சைப் பகுதி பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள்.

நெஞ்சு வலி என்று வந்தால் 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்திருக்க வேண்டும். அவருக்கு எடுத்தது 40 நிமிடம் கழித்து. 2, 3, ஏ.வி.எஃப். லீடுகளில் எஸ்.டி. என்ற கோட்டுப் பகுதி நன்றாக உயர்ந்திருந்தது. இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு. அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, மேல்சிகிச்சைக்கு அனுப்பி, ஆள் பிழைத்து வீட்டுக்குப் போனார். ஆனால் அந்த 30 நிமிடத்தில் இதயத் தசை எவ்வளவு போயிருக்கும் என்பதை யாராலும் திருப்பித் தர முடியாது.

மாலையில் சீட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் நம் செவிலியரின் கையெழுத்தில் “வியர்வை உள்ளது” என்று இருந்தது. பார்த்திருக்கிறார், எழுதியும் வைத்திருக்கிறார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“வேர்வையைப் பார்த்ததும் சந்தேகம் வந்துச்சு அக்கா. ஆனா டாக்டர் ஆக்சிடென்ட் கேஸ்ல இருந்தாரு. அவர் சொல்லாம நானா ஈ.சி.ஜி. எடுக்கலாமான்னு தெரியலை. உள்ள வந்து கூப்பிடலாமான்னும் தெரியலை.”

அந்த இடத்தில் எனக்கு உறைத்தது. அவருக்கு அறிவில் குறை ஒன்றும் இல்லை. வார்டில் டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார், கேஸ் ஷீட்டில் எழுதுவார், பிறகு நாம் செய்வோம். நோயின் பெயர் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். இங்கே ஆள்தான் முதலில் வருகிறார், பெயர் இல்லாத ஒரு வேதனையோடு. எழுதப்பட்ட உத்தரவு எதுவும் கிடையாது. அந்த இடைவெளியில் ஒரு செவிலியர் தானாக என்னென்ன செய்யலாம் என்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லை. எனக்குக் கை பழகிப்போனதால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. தவறு என்னுடையது. சீட்டை வைத்துக்கொண்டு அவரிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஒரு பக்கத் தாள்

மறுநாள் பிரிவின் தலைமை மருத்துவரிடம் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயார் செய்தோம். டாக்டரைக் கேட்காமலேயே செவிலியர் தொடங்கிவிட வேண்டியவை. 30 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தாடை முதல் மேல்வயிறு வரை எங்கே வலித்தாலும், மயங்கி விழுந்து எழுந்திருந்தாலும் உடனே ஈ.சி.ஜி. உணர்வு மங்கி வருபவர் யாராக இருந்தாலும் குளுக்கோமீட்டரில் சர்க்கரை. ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இருந்தால் ஆக்சிஜன். நாள்பட்ட நுரையீரல் நோயாளி என்றால் 88 முதல் 92 போதும், அதற்கு மேல் ஏற்றக் கூடாது. வலிப்பு என்றால் பக்கவாட்டில் படுக்கவைப்பது. ரத்தம் கொட்டினால் நேரடி அழுத்தம். விபத்தில் வந்தவரின் கழுத்தை அசையாமல் பிடிப்பது. நரம்பில் லைன் போட்டு ரத்த மாதிரி எடுத்து வைப்பது. கடைசி வரி: சந்தேகம் வந்தால் உள்ளே வந்து கூப்பிடு, எந்தக் கேஸ் நடந்தாலும் சரி.

மருந்து எதையும் அதில் சேர்க்கவில்லை. நெஞ்சு வலி என்றதும் நாக்கடியில் ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரை வைக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அன்றைக்கு வந்தவரைப் போலக் கீழ்ச்சுவர் அடைப்பில் இதயத்தின் வலது பக்கமும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்த ஒரு மாத்திரை ரத்த அழுத்தத்தைக் கிடுகிடுவென்று இறக்கிவிடும். முதலில் ஈ.சி.ஜி., பிறகு டாக்டர், அப்புறம்தான் மாத்திரை. தாளின் அடியில் தலைமை மருத்துவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்து செவிலியருக்குத் தந்த தைரியத்தை என் எட்டு நாள் பாடம் தரவில்லை.

வாசலில் நிற்பது

டி.ஏ.இ.ஐ. என்ற தமிழக அரசின் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு எங்கள் வாசலில் ட்ரையாஜ், அதாவது வருபவர்களை அவசரத்தைப் பொறுத்துப் பிரிப்பது, இருக்கிறது: சிவப்பு, மஞ்சள், பச்சை. இதை மற்ற வேலைகளோடு சேர்த்துச் சொல்லித் தரலாம் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது தனியாகப் பிரித்தேன். ஐந்து நாள், காலை 10 முதல் 12 வரை, அவரும் நானும் வாசலில் நின்றோம். நோயாளியைத் தொடக் கூடாது, கருவி எதுவும் கிடையாது. வருபவரைப் பார்த்து நிறத்தைச் சொல்ல வேண்டும், ஏன் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மாலையில் அந்த நோயாளிகள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பதிவேட்டில் பார்ப்போம்.

முதல் நாள் அவர் கண் சத்தத்தைத் தேடிப் போனது. கையில் வெட்டுப்பட்டு அலறுபவருக்கு மஞ்சள், அவர் பின்னால் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்த பாட்டிக்குப் பச்சை. பாட்டிக்கு ரத்தச் சர்க்கரை 38. அலறுகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. அமைதியாக இருப்பவரை நாம்தான் தேடிப் போக வேண்டும். குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். அழுகிற குழந்தையைவிட, ஊசியைக் காட்டினாலும் பேசாமல் கிடக்கும் குழந்தையைத்தான் முதலில் உள்ளே எடுக்க வேண்டும். எலி மருந்து சாப்பிட்டு வருபவர்கள் முதல் நாள் நன்றாகப் பேசிக்கொண்டு, “ஒண்ணும் இல்ல சிஸ்டர், வீட்டுக்குப் போறேன்” என்பார்கள். கல்லீரல் கெடுவது அதற்குப் பிறகு. அவர்களுக்குப் பச்சை என்பதே கிடையாது.

மதிய நேரங்களில் சென்ற ஆண்டின் பதிவேட்டைப் படிக்கக் கொடுத்தேன். பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட எங்கள் வாசலுக்கு நிஜமாக எது வருகிறது என்று தெரிய வேண்டும். இருசக்கர வாகன விபத்து, பூச்சிமருந்து, அரளி விதை, பாம்புக்கடி, மூச்சுத்திணறல், தை மாதம் வந்தால் மாடு முட்டியவர்கள். படித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: “விடியக்காலையில வயித்து வலின்னு வந்து ஐ.சி.யு. போயிருக்காங்களே, மூணு பேரு, அது என்ன அக்கா?” மூன்றும் கட்டுவிரியன் கடி. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல் பட்ட தடம் பெரும்பாலும் தெரியாது, வீக்கமும் இருக்காது. வயிற்று வலி, வாந்தி, பிறகு இமை சொருகும், குரல் மூக்கால் வரும், கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துவிடும். ரத்தம் உறைகிறதா என்று கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்த்தால் சரியாகவே உறையும், ஏனென்றால் இதன் விஷம் நரம்பைத்தான் தாக்குகிறது. இதை நோட்டில் எழுதிச் சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டார்.

அவர் எங்களுக்குக் கொண்டுவந்தது

வாசல் பயிற்சியின் நான்காம் நாள் ஒன்றைக் கவனித்தேன். மூச்சு எண்ணிக்கையை அவர் நிஜமாகவே எண்ணுகிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம். எங்கள் சீட்டுகளில் அந்தக் கட்டத்தைத் திறந்து பாருங்கள். வரிசையாக 20, 20, 22, 20. யாரும் எண்ணுவதில்லை. நெரிசலில் முதலில் கைவிடப்படுவது அதுதான். ஆனால் நோயாளி மோசமாகிறார் என்பதை நாடியைவிட, ரத்த அழுத்தத்தைவிட முன்னதாகச் சொல்வது பெரும்பாலும் மூச்சுதான்.

எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். “மேக்சல்ஃப் அக்கா.” மெக்னீசியம் சல்பேட் அடுத்த டோஸ் போடும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, சிறுநீர் மணிக்கு 30 மில்லி வருகிறதா. எண்ணாமல் போட்டால் தாயின் மூச்சு நின்றுவிடும். ஏழு ஆண்டுகள், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணியவர் அவர்.

அன்றிலிருந்துதான் நான் அவரை வெற்றுத் தாளாகப் பார்ப்பதை விட்டேன். அவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினால் பாதித் தூரம் ஏற்கெனவே கடந்ததாக இருந்தது. நான்காவது வாரம் பைக்கிலிருந்து விழுந்த 22 வயதுப் பையன் வந்தான். கையில் சிராய்ப்பு, ரத்த அழுத்தம் 110/70, நாடி 124. பேசுகிறான், தண்ணீர் கேட்கிறான். அழுத்தத்தைப் பார்த்துவிட்டு மஞ்சள் என்று எழுதப் போனவர் நம் மாணவி. இவர் தடுத்தார். “இது பி.பி.எச். மாதிரியே இருக்கு. பிரஷர் நிக்கும், பல்ஸ் ஏறும், தண்ணி கேப்பாங்க. அப்புறம் ஒரேயடியா விழும்.” பிரசவத்துக்குப் பின் ரத்தம் போகும் இளம் தாயின் உடம்பு எப்படித் தாக்குப்பிடிக்கிறதோ அப்படித்தான் இந்தப் பையனின் உடம்பும். நாடி எண்ணிக்கை ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணைத் தாண்டிவிட்டால் அது நல்ல அறிகுறி இல்லை. சிவப்புக்குத் தள்ளி, இரண்டு கையிலும் லைன் போட்டு, படுக்கையிலேயே ஸ்கேன் வைத்தால் வயிற்றில் ரத்தம். மண்ணீரல் கிழிந்திருந்தது. முக்கால் மணி நேரத்தில் தியேட்டரில் இருந்தான்.

குரல்

பிரசவ வார்டில் மெல்லப் பேசுவது நல்ல குணம். பக்கத்துக் கட்டிலில் குழந்தை தூங்கும். இங்கே அந்தக் குரல் யாருக்கும் கேட்காது. சி.பி.ஆர். நடக்கும்போது “அட்ரினலின் போட்டுட்டேன்” என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை; இன்னொருவர் இரண்டாவது ஆம்பியூலை உடைத்துவிட்டார். நல்லவேளை, போடவில்லை.

கூட்டம் குறைந்த மதியங்களில் தலையணையையும் காலி ஆம்பியூல்களையும் வைத்துப் பழகினோம். கத்தச் சொல்லவில்லை. ஆளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், மருந்து, அளவு, நேரம் மூன்றையும் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். “அட்ரினலின் ஒரு மில்லிகிராம் போட்டாச்சு, மணி நாலு பன்னிரண்டு.” “ஒரு மில்லிகிராம், நாலு பன்னிரண்டு, எழுதிட்டேன்.” முதலில் வெட்கப்பட்டார். பத்து நாளில் வெட்கம் போய்விட்டது. உறவினர் கூட்டத்தைச் சமாளிக்க மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிரசவ அறை வாசலில் இரண்டு வீட்டுச் சனங்களையும் ஏழு வருஷம் பார்த்தவர். “உங்கள்ல ஒருத்தர் மட்டும் என்கூட வாங்க, பத்து நிமிஷத்துக்கு ஒருக்க நானே வந்து சொல்றேன்” என்பார். சொன்னபடி வந்தும் சொல்வார். கூட்டம் அடங்கிவிடும்.

பூச்சிமருந்து கேஸ் ஒன்றில்தான் கை நின்றது. அட்ரோபின் அவருக்குத் தெரிந்தது ஆபரேஷனுக்கு முன் போடும் ஒரே ஆம்பியூல், 0.6 மில்லிகிராம். டாக்டர் ஐந்து ஆம்பியூல் என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அஞ்சா அக்கா?” ஆமாம், தொடக்கமே 1.8 முதல் 3 மில்லிகிராம். ஐந்து நிமிடம் கழித்து நுரையீரலில் களகளச் சத்தம் இருந்தால் அதைப்போல இரண்டு மடங்கு, அப்புறமும் இருந்தால் அதற்கும் இரண்டு மடங்கு. நெஞ்சு தெளிந்து, அக்குள் காய்ந்து, நாடியும் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் 80-ஐத் தாண்டும்வரை. கண்மணியை மட்டும் பார்த்து நிறுத்தக் கூடாது. இதில் கேட்டது சரியான பழக்கம் என்று அவரிடம் சொன்னேன். அளவு விசித்திரமாகத் தெரிந்தால் கை நிற்கத்தான் வேண்டும், ஆனால் வாய் உடனே கேட்க வேண்டும். அன்று ராத்திரி உடைத்த ஆம்பியூல்களைக் கிட்னி டிரேயில் போட்டு எண்ணி எழுதினோம். நோயாளியின் உடையைக் கழற்றிக் கழுவும்போது கையுறையும் ஏப்ரனும் போட மறந்தது நானும்தான்.

ஐந்தாவது வாரம்

19 வயதுப் பையன். தலைக்கவசம் இல்லை. 108 கொண்டுவந்தபோதே மூச்சு அறுந்து அறுந்து வந்தது. 50 நிமிடம் முயன்றோம், கிடைக்கவில்லை. அம்மாவிடம் டாக்டர் சொல்லும்போது இவர்தான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டார். பிறகு ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேடு, போலீசுக்குத் தகவல், உடைகளைப் பொட்டலம் கட்டி ஒப்படைப்பது என்று எல்லாவற்றையும் தவறில்லாமல் முடித்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்விட்டார். நான் போனபோது சலைன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். “அங்க அழுகைச் சத்தம் கேட்டா சந்தோஷப்படுவோம் அக்கா” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிவரச் சொல்லி, குடித்து முடிக்கும்வரை கூடவே இருந்தேன்.

இதற்கு என் திட்டத்தில் இடமே இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஒரு சாவுக்குப் பிறகு, அடுத்த கேஸ் காத்திருந்தாலும், அந்தக் குழுவில் இருந்தவர்கள் ஐந்து நிமிடம் ஓரமாக நிற்க வேண்டும். என்ன நடந்தது, எது சரியாக வந்தது, யாருக்கு இப்போது முடியவில்லை. முடியாதவரை அடுத்த ஒரு மணி நேரம் பச்சைப் பகுதியில் போடுகிறோம். மறுநாள் அவர் லீவு போடவில்லை. ஆனால் இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்று ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார். அந்த இரண்டு நாளில் நானாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து

இப்போது இரவு டியூட்டியில் வாசல் அவருடையது. மழைக்காலத்தில் ஒருநாள் விடிகாலை நாலரைக்கு வயிற்று வலி என்று 12 வயதுப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். கடித்த தடம் எதுவும் இல்லை. “பாப்பா, மேல பாரு” என்றிருக்கிறார். இமை முழுதாக ஏறவில்லை. “சிவப்பு, கட்டுவிரியனா இருக்கலாம், டாக்டர் உடனே வாங்க” என்ற குரல் ஐ.சி.யு. வாசல்வரை கேட்டதாக வார்டு பாய் சொன்னார். பத்து வயல் விஷமுறிவு மருந்து, பக்கத்தில் தயாராக அட்ரினலின், நான்கு நாள் வென்டிலேட்டர். அந்தப் பெண் நடந்து வீட்டுக்குப் போனாள்.

இன்னும் வராதவையும் உண்டு. வென்டிலேட்டர் அலாரம் அடித்தால் இன்னமும் பதறுகிறார். ஏ.ஆர். பதிவில் காயங்களின் அளவைக் குறிக்கத் தயங்குகிறார். இரண்டுக்கும் மாதம் ஒரு மதியம் ஒதுக்கியிருக்கிறோம். மூச்சை ஒரு நிமிடம் எண்ணும் பழக்கத்தை அவர் மற்றவர்களுக்குச் சொல்லித்தருகிறார். பதிவேட்டில் இப்போது 18, 27, 31 என்று எண்கள் வேறு வேறாக இருக்கின்றன.

அடுத்த மாதம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இன்னொருவர் வருகிறார். அவருக்காக இன்னும் எந்தப் பட்டியலும் போடவில்லை. போன வியாழக்கிழமை அனுமதி வாங்கிக்கொண்டு தியேட்டருக்குப் போய், அரை நாள் ஓரமாக நின்று, அவர் எதையெதை எண்ணுகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.